உண்ணியிலும் தெள்ளிலும் கிருமி தேடுவது எப்படி?

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் என் மாமாவுக்கு ஒரு மாட்டுப் பட்டி இருந்தது. பொழுது சாய்ந்து மாடுகள் திரும்பியதும் மாமி ஒரு சிரட்டையில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டு வந்து உட்காருவார். பசுவின் காதை மடித்துப் பார்ப்பார், வாலடியைத் தூக்கிப் பார்ப்பார், மடிக்கும் தொடைக்கும் இடையில் விரலை விட்டுத் தடவுவார். அகப்பட்ட உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சிரட்டைக்குள் போடுவார். இரத்தம் குடித்து ஆமணக்கங்கொட்டை போல ஊதிப்போனவை அடியில் கிடக்கும். இன்னும் குடிக்காத தட்டையானவை விளிம்பைப் பிடித்து ஏறப் பார்க்கும். வேலை முடிந்ததும் எல்லாம் நெருப்புக்குள் போகும்.

பல வருடங்களுக்குப் பிறகு ஒரு களப் பயிற்சியில் அதே வேலையை நானும் செய்தேன். இந்தத் தடவை சிரட்டை இருந்த இடத்தில் விரல் நீளக் குப்பி, மண்ணெண்ணெய் இருந்த இடத்தில் எதனோல். குப்பிக்குள் ஒரு சிறிய காகிதத் துண்டையும் போட்டோம். அதில் பென்சிலால் எழுதியிருந்தது: ஊர், விலங்கு, உடலில் எந்த இடம், திகதி, பிடித்தவர். பேனாவால் எழுதினால் எதனோலில் மை கரைந்துவிடும், பென்சில் எழுத்து அப்படியே நிற்கும். மாமி பிடித்ததும் உண்ணிதான், நாங்கள் பிடித்ததும் உண்ணிதான். அதை ஓர் ஆய்வுக்குரிய பொருளாக ஆக்கியது அந்தக் காகிதத் துண்டு. உண்ணி, தெள்ளு, சிற்றுண்ணி ஆகியவற்றைச் சேகரித்து அவற்றினுள் நோய்க்கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கணக்கெடுப்பைப் பற்றி எழுத வந்த நான் இந்தத் துண்டில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது.

காய்ச்சல் வந்தவரின் இரத்தத்தைப் பரிசோதித்தால் கிருமி தெரிந்துவிடுமே, பூச்சியை ஏன் துரத்த வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சிற்றுண்ணி கடித்து, அது பரப்பும் டைபஸ் என்ற பற்றீரியாக் காய்ச்சல் தொடங்குவதற்குள் பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேல் ஓடிவிடும். கந்தளாயில் இருக்கும் ஒருவர் அந்த நாட்களுக்குள் வெருகலில் வயல் வேலைக்குப் போயிருக்கலாம், மூதூரில் விறகு வெட்டியிருக்கலாம், நிலாவெளியில் உறவினர் வீட்டுக் கொல்லையைத் துப்புரவு செய்திருக்கலாம். வைத்தியசாலைப் பதிவேட்டில் அவருடைய வீட்டு முகவரி இருக்கும், கடி வாங்கிய முகவரி இருக்காது. பூச்சி அப்படியல்ல. ஒரு சிற்றுண்ணி தன் வாழ்நாளில் தானாக நகரும் தூரம் சில மீற்றர்கள்தான். அது எங்கே அகப்பட்டதோ அதுதான் அதன் ஊர். அதனால்தான் துண்டில் எழுதும் முதல் சொல் ஊரின் பெயர்.

இன்னொரு காரணமும் உண்டு. திருகோணமலையில் ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவ மழை தொடங்கினால் காய்ச்சல் என்றதும் எல்லோருக்கும் முதலில் வரும் நினைவு டெங்கு, அடுத்தது எலிக்காய்ச்சல். டைபஸ் வகைக் காய்ச்சல்களும் அதே தலைவலி, அதே உடல்வலியோடுதான் தொடங்கும். இலங்கையில் டைபஸ் கட்டாயமாக அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று. தொற்றுநோயியல் பிரிவு வெளியிடும் வாராந்த அறிக்கையில் மாவட்டவாரியாக அதற்கென ஒரு நிரல் இருக்கிறது. ஆனால் வைத்தியர் சந்தேகித்தால்தான் எண்ணிக்கை அந்த நிரலுக்குள் ஏறும். நம் பகுதிப் பற்றைகளில் அந்தக் கிருமி இருக்கிறது என்று பூச்சிக் கணக்கெடுப்பு முன்கூட்டியே காட்டிவிட்டால், அந்தச் சந்தேகம் வேளைக்கு வரும்.

இனி அந்த மூன்று உயிர்களையும் பார்ப்போம். உண்ணியும் சிற்றுண்ணியும் சிலந்தியின் உறவு. வளர்ந்தவற்றுக்கு எட்டுக் கால்கள். தெள்ளு உண்மையான பூச்சி, ஆறு கால், பக்கவாட்டில் தட்டையான உடல், மயிருக்குள் நழுவி ஓடும், தத்தும். இந்த அளவுக்கு எல்லோருக்கும் தெரியும். குழப்பம் பெயரில்தான் இருக்கிறது. பத்திரிகைகள் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதும்போது பெரும்பாலும் குறிப்பிடுவது டைபஸின் ஒரு வகையான ஸ்க்ரப் டைபஸை. அதைப் பரப்புவது மாட்டில் தொங்கும் உண்ணி அல்ல, கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு. இந்தப் பெயரால் வரும் தீங்கு சிறியதல்ல. "என்னை உண்ணி கடிக்கவில்லையே, நான் நன்றாகப் பார்த்தேனே" என்று நோயாளி சொல்லிவிடுவார், அது உண்மையாகவும் இருக்கும்.

சிற்றுண்ணியின் கதை எனக்கு மிகவும் பிடித்தது, எனவே அதில் சற்று நேரம் நிற்கிறேன். வளர்ந்த சிற்றுண்ணி மண்ணுக்குள் சிறு பூச்சிகளின் முட்டைகளைத் தின்று வாழ்கிறது. நம்மை அது தொடுவதே இல்லை. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு மட்டும் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எலியோ பறவையோ மனிதனோ வேண்டும். ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் அளவுள்ள, ஆறு கால்களுடைய அந்தக் குஞ்சு புல் நுனியிலோ சருகிலோ காத்திருக்கிறது. தோலில் ஏறியதும் அது இரத்தம் குடிப்பதில்லை. தன் உமிழ்நீரால் தோலின் கலங்களைக் கரைத்து அந்தக் கூழை உறிஞ்சுகிறது. சில நாட்களில் வயிறு நிறைந்து விழுந்துவிடும். பிறகு யாரையும் கடிக்காது.

இங்கே ஒரு புதிர் எழுகிறது. வாழ்நாளில் ஒரே ஒரு விலங்கை மட்டும் கடிக்கும் உயிர் ஒன்று, ஒருவரிடமிருந்து கிருமியை எடுத்து இன்னொருவருக்கு எப்படிக் கொடுக்க முடியும்? அப்படிக் கொடுப்பதில்லை என்பதுதான் விடை. கிருமி தாய்ச் சிற்றுண்ணியிலிருந்து முட்டைக்கும், முட்டையிலிருந்து குஞ்சுக்கும் இறங்குகிறது. குஞ்சு பிறக்கும்போதே கிருமியோடு பிறக்கிறது. ஆகவே அந்தக் கிருமியின் உண்மையான இருப்பிடம் சிற்றுண்ணியின் பரம்பரைதான். எலி அந்தப் பரம்பரைக்குச் சோறு போடுகிறது. எலிகள் பெருகிய பற்றைக்காட்டில் ஓரிடத்தில் நோய் இருக்க, நூறு மீற்றர் தள்ளி இல்லாமல் இருப்பதன் காரணம் இதில் இருக்கிறது. கிருமியின் பெயர் ஓரியன்சியா சுட்சுகாமுஷி. 'சுட்சுகாமுஷி' ஜப்பானியச் சொல், நோய் தரும் சிறு பூச்சி என்று பொருள்படும்.

தெள்ளின் வழி வேறு. எலித் தெள்ளு சுமக்கும், இன்னொரு வகை டைபஸைத் தரும் ரிக்கெட்சியா டைபி என்ற பற்றீரியா அதன் எச்சத்தில் வெளியேறுகிறது. கடித்த இடம் அரிக்கும், நாம் சொறிவோம், எச்சம் கீறலுக்குள் போகும். அரிசி மூட்டைகள் அடுக்கிய களஞ்சியங்களும் துறைமுகப் பண்டகசாலைகளும் எலித் தெள்ளுக்கு நல்ல வீடுகள். பிளேக் எனப்படும் கொள்ளை நோயில் தெள்ளின் பங்கைப் பிரெஞ்சு மருத்துவர் போல் லூயி சீமோ கராச்சியில் கண்டறிந்தது 1898இல். அந்த நோய் கொழும்புக்கு வந்தது 1914இல். துறைமுக நகரங்களில் எலியையும் தெள்ளையும் எண்ணும் பழக்கம் அந்தக் காலத்து அச்சத்தில் வேரூன்றியது. ஆழ்கடல் துறைமுகம் ஒன்றைக் கையில் வைத்திருக்கும் நம் ஊருக்கு அது அந்நியமான விடயமல்ல.

உண்ணிகளில் பல வகை உண்டு, எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. மாட்டு உண்ணி குஞ்சாக ஏறிய மாட்டிலேயே வளர்ந்து, இரத்தம் குடித்து, முட்டையிடும் வேளையில்தான் கீழே இறங்குகிறது. விலங்கு மாறாத அந்த உண்ணியால் மாட்டுக்குத்தான் பெரும் கேடு. நாய் உண்ணி ஒவ்வொரு பருவத்திலும் கீழே இறங்கி மறுபடி ஏறுகிறது, வீட்டுச் சுவரிலும் கதவிடுக்கிலும் ஒளிந்திருக்கும். நாய்க்குக் குருதிச் சிறுதட்டுகளைக் குறைத்து மூக்கால் இரத்தம் வடியவைக்கும் ஏர்லிக்கியா என்ற பற்றீரியாவைப் பரப்புவது அதுதான். மத்தியதரைக்கடல் நாடுகளில் மனிதருக்குப் புள்ளிக் காய்ச்சல் தரும் ரிக்கெட்சியாவைச் சுமப்பதும் அதே இனம்தான். காட்டு விலங்குகளில் ஏறும் உண்ணிகள் பருவத்துக்குப் பருவம் விலங்கை மாற்றிக்கொள்கின்றன, இடையில் மனிதன் அகப்பட்டால் அவனையும் விடுவதில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கிருமியைக் கடத்த இந்த வகைக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

ரிக்கெட்சியா என்ற பெயர் ஹோவர்ட் ரிக்கெட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரிடமிருந்து வந்தது. ஒரு புள்ளிக் காய்ச்சல் உண்ணி மூலம் பரவுகிறது என்று 1906இல் காட்டியவர் அவர். 1910இல் மெக்சிக்கோவில் டைபஸை ஆராயும்போது அந்த நோயே அவரைக் கொண்டுபோனது. இந்தத் துறையில் கையுறை போடச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

சரி, பிடிப்பது எப்படி? தரையில் காத்திருக்கும் உண்ணிக்கு ஒரு மீற்றர் நீள அகலமுள்ள வெள்ளைப் பருத்தி ஃபிளானல் துணி போதும். அதன் ஒரு விளிம்பில் தடி கட்டி, புல்லின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். விலங்கொன்று உரசிப்போகிறது என்று நினைத்து உண்ணி துணியைப் பற்றிக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒரு தடவை நின்று, துணியைத் திருப்பி, இடுக்கியால் எடுத்துக் குப்பியில் போடுவோம். பனி காயாத புல்லில் துணி நனைந்தால் உண்ணி ஒட்டாது, எனவே வெயில் ஏறத் தொடங்கும் வேளையே நல்லது. நம் பகுதிப் பற்றைகளில் ஈச்சையும் சூரையும் துணியைக் கிழித்துவிடும். அங்கே இழுப்பதை விட்டுவிட்டு, கொடி பிடிப்பதுபோலத் தடியில் கட்டிப் பற்றையின் மேல் தடவ வேண்டும். எத்தனை மீற்றர் நடந்தோம் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். நூறு மீற்றரில் இருபது உண்ணி என்பதும் ஆயிரம் மீற்றரில் இருபது உண்ணி என்பதும் ஒரே செய்தி அல்ல.

தெள்ளுக்கும் சிற்றுண்ணிக்கும் எலியைப் பிடிக்க வேண்டும். சுட்ட தேங்காய்ச் சொட்டு அல்லது கருவாட்டுத் துண்டு வைத்த எலிக்கூடுகளை மாலையில் வைத்து விடியலில் எடுப்பார்கள். அகப்பட்ட எலியை உடனே துணிப்பைக்குள் இட வேண்டும். உடல் குளிரத் தொடங்கினால் தெள்ளுகள் இறங்கிவிடும். கொள்ளை நோய்க் காலத்தில் எலிகள் செத்து விழுந்த வீடுகளில் மனிதர்கள் அடுத்தடுத்து விழுந்ததற்கும் காரணம் இதுதான். மயக்கமடைந்த எலியை வெள்ளைத் தட்டின் மேல் பிடித்துச் சீப்பால் வாரினால் தெள்ளுகள் கொட்டும். பிறகு காதைப் பார்க்க வேண்டும். முதல் தடவை எனக்கு அது எலியின் காதில் ஒட்டிய செம்மஞ்சள் நிறத் தூசியாகத்தான் தெரிந்தது. கைவில்லையை வைத்ததும் அந்தத் தூசிக்குக் கால்கள் முளைத்தன. வட்ட வட்டமான உடல்கள், நெருக்கமாக ஒன்றையொன்று ஒட்டியபடி, எல்லாம் தலையைத் தோலுக்குள் புதைத்துக்கொண்டு இருந்தன. ஐம்பதுக்கு மேல் எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். நிலத்தில் கறுப்புத் தகடுகளை வைத்துக் காத்திருந்து, அதன் மேல் ஏறும் வெளிர் நிறக் குஞ்சுகளை எண்ணும் முறையும் உண்டு.

திருகோணமலையில் எங்கே தேடுவது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் தோன்றுவது மான்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் புள்ளிமான்கள் மரநிழலில் படுத்திருக்கும். அவை நகரத் தெருக்களிலும் கட்டாக்காலி மாடுகளோடும் நாய்களோடும் கலந்து திரிகின்றன. குழந்தைகள் பக்கத்தில் போய் உணவு நீட்டுகிறார்கள். காட்டு விலங்கு, வீட்டு விலங்கு, மனிதன் ஆகிய மூவரும் ஒரே புல்லில் கால் வைக்கும் இடம் இது. நான் இதைச் சொல்வது மான்களைச் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பதற்காக அல்ல. பொலித்தீனைத் தின்று துன்பப்படும் அந்த உயிர்களுக்கு இன்னொரு பழி வேண்டாம். மானைப் பிடிக்கவும் தேவையில்லை, அதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அவை படுத்தெழுந்த தரையில் துணியை இழுத்தால் போதும். அதே நாளில் தம்பலகாமத்துப் பட்டியிலும், கன்னியாவைச் சுற்றிய பற்றைகளிலும், மூதூர் வயல் வரம்புகளிலும் இழுத்து, அதே வேலையை மாரியிலும் கோடையிலும் செய்தால்தான் அது கணக்கெடுப்பாகும். ஒரு நாள் ஓரிடத்தில் பிடித்தது வெறும் சேகரிப்பு.

குப்பிகள் ஆய்வுகூடத்துக்கு வந்ததும் முதல் வேலை இனம் காண்பது. நுணுக்குக்காட்டியின் கீழ் வாயுறுப்பின் நீளத்தையும் முதுகுத் தகட்டின் வடிவத்தையும் பார்த்து இன்ன உண்ணி என்று தீர்மானிப்பார்கள். பொறுமை வேண்டும் வேலை இது. இயந்திரங்களுக்குக் கிடைக்கும் புகழ் இதைச் செய்பவருக்குக் கிடைப்பதில்லை, ஆனால் இங்கே பிழைவிட்டால் பின்னால் எல்லாம் பிழை. அடுத்து உடலை அரைத்து மரபணுப் பொருளைப் பிரித்தெடுப்பார்கள். ரிக்கெட்சியா உயிருள்ள கலத்துக்குள் மட்டுமே வளரும், சாதாரண ஊடகத்தட்டில் வளர்க்க முடியாது. எனவே கொரோனாக் காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய பி.சி.ஆர். முறையே இங்கும் கைகொடுக்கிறது. கிருமிக்கு மட்டுமே உரிய ஒரு சிறு மரபணுத் துண்டைத் தேடி, இருந்தால் அதைப் பல கோடி படிகளாகப் பெருக்கிக் காட்டும். பெருகிய துண்டின் எழுத்து வரிசையைப் படித்தால் எந்த இனக் கிருமி என்றும் தெரியும்.

ஒவ்வொன்றாகச் செய்தால் செலவு தாங்காது. எனவே ஒரே ஊர், ஒரே விலங்கு, ஒரே இனம் என்றிருப்பவற்றைச் சேர்த்து ஒரு கூட்டாக அரைப்பார்கள். ஒரு பேச்சுக்கு, மூதூரில் பிடித்த 120 உண்ணிகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்து 12 கூட்டுகள் ஆக்கினோம், மூன்றில் கிருமி தெரிந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கூட்டிலும் ஓர் உண்ணியாவது கிருமியோடு இருந்திருக்க வேண்டும், பத்தும் இருந்திருக்கலாம். குறைந்தபட்சமாக எடுத்தால் 120க்கு மூன்று, அதாவது நூற்றுக்கு 2.5. இதைக் குறைந்தபட்சத் தொற்று வீதம் என்பார்கள். "நாலில் ஒரு பங்கு உண்ணியில் கிருமி" என்று இதைத் தலைப்பாக்கினால் அது பொய். நாலில் ஒரு பங்கு கூட்டில்தான் கிருமி தெரிந்தது.

கிருமியைத் தேடாமலே எண்ணிக்கையால் மட்டும் எச்சரிக்கும் முறையும் இருக்கிறது. நாற்பது எலிகளில் அறுபது எலித் தெள்ளு இருந்தால் எலிக்கு 1.5. இந்தச் சுட்டெண் ஒன்றைத் தாண்டினால் கொள்ளை நோய் பரவ இடமுண்டு என்பது நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்படும் அளவுகோல். ஸ்க்ரப் டைபஸுக்கு, ஓர் எலிக்கு 0.69 சிற்றுண்ணிக் குஞ்சு என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்தத் துறைக்குப் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. உண்ணிக்குள் கிருமியின் மரபணு தெரிந்தது என்றால், அந்த உண்ணி நோயைப் பரப்புகிறது என்று பொருளாகாது. இரத்தம் குடித்து ஊதிய உண்ணியின் வயிற்றில் இருப்பது அது கடித்த மாட்டின் இரத்தம். கிருமி மாட்டுடையதாக இருக்கலாம், உண்ணிக்குள் அது சமித்து அழிந்துபோகவும் கூடும். அதனால்தான் புல்லில் பசியோடு காத்திருந்த உண்ணியில் கிடைக்கும் கிருமிக்கு மதிப்பு அதிகம், அதனால்தான் துண்டில் 'பசு, காது' என்றோ 'புல், துணி' என்றோ எழுதுகிறோம். இன்னொன்று, உண்ணியின் உடலுக்குள் அதற்குத் துணையாகவே வாழும், நமக்குத் தீங்கற்ற பற்றீரியாக்கள் பல உண்டு. அவற்றில் சில நோய்க்கிருமிகளின் நெருங்கிய உறவு, பரிசோதனையை ஏமாற்றிவிடும். பூனைத் தெள்ளில் உலகெங்கும் காணப்படும் ரிக்கெட்சியா பெலிஸ் மனிதரில் எவ்வளவு நோய் தருகிறது என்பதில் அறிஞர்களிடையே இன்றுவரை விவாதம் இருக்கிறது. உண்ணியில் கிருமி, அந்த ஊர் விலங்குகளில் கிருமி, அந்த ஊர் மனிதரின் இரத்தத்தில் அதற்கான பிறபொருளெதிரி ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடிவந்தால்தான் நம்பிச் சொல்லலாம்.

அப்படிச் சொல்ல முடிந்தால் என்ன கிடைக்கும்? ஓர் உயிர் கிடைக்கலாம். டைபஸ் வகைக் காய்ச்சல்களுக்கு டொக்சிசைக்கிளின் என்ற மலிவான மருந்து, நேரத்தோடு கொடுத்தால், ஓரிரு நாட்களில் காய்ச்சலை இறக்கிவிடும். வழமையாகக் கொடுக்கும் அமொக்சிசிலின் இந்தக் கிருமிகளிடம் பலிக்காது. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். ஸ்க்ரப் டைபஸில் பலருக்குக் கடித்த இடத்தில் சுருட்டு நெருப்புப் பட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். வலிக்காது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் இடுப்பு மடிப்பிலும் மார்பின் கீழும் ஒளிந்திருக்கும். நோயாளிக்கே தெரியாது, வெட்கத்தால் காட்டாமலும் விடுவார்கள். ஒரு சிறு கறுப்புப் பொருக்கைப் பார்க்கத் தவறியதால் ஒருவரை இழப்பது என்னால் தாங்க முடியாத விடயம்.

வீட்டில் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். தோலில் கடித்திருக்கும் உண்ணியின் மேல் மண்ணெண்ணெயோ நெருப்போ வைக்காதீர்கள். நுண்ணிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், திருகாமல் நேராக இழுங்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். காதுக்குள் புகுந்திருந்தால் நீங்களாகத் தோண்டாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். பற்றைக்குள் வேலைக்குப் போனால் நீள்காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், புல்லில் நேரடியாகப் படுக்காதீர்கள், வந்ததும் உடுப்பை மாற்றிக் குளியுங்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், எத்தனை நாள் காய்ச்சல் என்பதோடு நின்றுவிடாமல், எந்த ஊரில், எந்தப் பற்றைக்குள், எப்போது போனீர்கள் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.